இரண்டு கையும் மேலே

இந்த வருஷம் இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தேவைக்கு மேல் ஒரு காசு கொடுப்பதில்லை என்று ஒட்டாகர் முடிவெடுத்தார். ஏனோதானோ என்று எடுத்த முடிவல்ல. செக் நாட்டுக் கிர்கொனோஷே மலையடிவாரத்தில் பிறந்தவர், நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கும் ஸ்கீ பழகியவர், செமிலி ஊரில் பாதி வீடுகளுக்குக் குழாய் மாட்டியவர் ஐம்பத்தெட்டு வயதில் யோசித்து எடுத்த முடிவு. மனுஷன் பனியில் விழுந்தால் நாலு பேர் வந்து தூக்குவார்கள். தூக்கியவர்களுக்கு ஒரு பாட்டில் பிளம் சாராயம் கொடுத்துக் கைகுலுக்கினால் முடிந்தது. அவருடைய ஊர் மலையில் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். வெளிநாட்டில் இதற்கெல்லாம் பில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். நம்பியதில்லை.

அவர் மனைவி லிபுஷே நம்பினாள். ஆஸ்திரியாவுக்கு ஒரு வாரம் போவதென்று பேச்சு எழுந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: எடுக்கிறதுதான் எடுக்கிறாய், பெரியதாக எடு, ஸ்கீ வழியோரம் கட்டியிருக்கிற கயிற்றுக்கு அப்பால் போனாலும் செல்லுபடியாகிற மாதிரி, ஹெலிகாப்டரும் சேர்த்து. ஒட்டாகர் தலையை ஆட்டிவிட்டுப் போய் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தார். கம்பு நட்டு வழி போட்ட சரிவில் விழுந்தால் மட்டும் பணம். கயிற்றைத் தாண்டினால் நீயாச்சு, உன் எலும்பாச்சு.

"எடுத்துட்டியா?" என்று லிபுஷே கேட்டாள்.

"எடுத்தாச்சு. இருக்கறதுலயே பெருசு."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். லிபுஷே ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் கால் வைக்கும்போதே டிக்கெட் இல்லாத ஆசாமி எவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவன் ஜன்னல் வழியாக இயற்கைக் காட்சியை ரொம்ப ஆர்வமாகப் பார்ப்பானாம். அன்றைக்கு ஒட்டாகர் சமையலறை ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியை மிகவும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லிபுஷே ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அப்புறம் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் பன்றிக்கறியைத் தட்டப் போய்விட்டாள்.

செக்காரர்கள் ஆல்ப்ஸுக்குக் கிளம்பினால் காரில் முதலில் ஏறுவது ஸ்கீ அல்ல, ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பன்றிக்கறி. டப்பா டப்பாவாக. ஆஸ்திரியாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசில் ஊரில் மாப்பிள்ளை விருந்தே வைக்கலாம் என்பது ஒட்டாகரின் கட்சி. வழியெல்லாம் சாப்பிட்டு, ஹின்டர்லாஹ்ன் கிராமத்தில் நோட்புர்கா அம்மாளின் விடுதி வாசலில் போய் இறங்கியபோது காருக்குள் எண்ணெய் வாசனை நிரம்பியிருந்தது.

நோட்புர்கா அம்மாள் நல்ல மாதிரி. விருந்தாளிகள் சொந்தச் சாப்பாட்டைத் தின்றாலும் தட்டு கொடுப்பாள். ஆனால் முதல் நாள் சாயங்காலமே ஒட்டாகரின் நிம்மதியைக் கெடுத்துவிட்டாள். போன குளிர்காலத்தில் ஒரு ஹாலந்துக்காரர் கயிற்றைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டார், ஹெலிகாப்டர் வந்து தூக்கிற்று, பில்லைப் பார்த்துவிட்டுப் படகை விற்றார் என்று மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"படகையா?" என்றார் ஒட்டாகர்.

"அதுல குடியிருந்தாருங்க. நீங்க நல்ல இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பீங்க, இல்லையா?"

லிபுஷே கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒட்டாகர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு.

அவரிடம் படகு கிடையாது. அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. யிசேரா ஆற்றங்கரையில் மரத்தால் கட்டிய சின்ன வீடு. வெள்ளிக்கிழமை குழாய்க்கடையை மூடியதும் நேராக அங்கேதான் போவார். ஒவ்வொரு பலகையும் அவர் கையால் அறுத்தது. அந்த அடுப்பு, அவரைத் திண்டாட வைத்த அந்தக் கூரை, ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிற அந்த மூலை, எல்லாம் அவருடையவை. மனைவியைக் கட்டிக்கொண்டபோது அழாதவர், கூரை முடிந்த அன்றைக்கு ஏணியில் நின்றபடியே அழுதார். ஹெலிகாப்டர் பில்லுக்கு விற்பதென்றால் அதைத்தான் விற்க வேண்டும். சரி, கயிற்றுப் பக்கமே போகவேண்டாம் என்று அன்று படுக்கும்போது அவர் உண்மையாகவே நினைத்தார்.

அப்புறம் பனி கொட்டியது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மலைக்கு ஆள் ஏற்றுகிற லிஃப்ட் ஓடவில்லை. விடுதியில் எல்லோரும் சீட்டாடினார்கள், கறி தின்றார்கள், மறுபடி சீட்டாடினார்கள். மூன்றாம் நாள் பொழுது விடிந்தபோது வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. ஒட்டாகர் ஜன்னலைத் திறந்தார். மேலே முகட்டுக்குப் பின்னால் கிண்ணம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற பள்ளம் இருக்கிறது. அதன் ஒரு விளிம்பு இங்கிருந்தே தெரியும். அதில் பொடிப்பனி. ஒருத்தர் கால் படாதது. இடுப்பளவு ஆழம், கையில் எடுத்து ஊதினால் பறந்துவிடும். அறுவை சிகிச்சை செய்த முட்டியோடு இன்னும் எத்தனை வருஷம் ஸ்கீ போடப் போகிறார்? இப்படி ஒரு காலை வாழ்நாளில் இன்னொரு தரம் வருமா?

லிபுஷே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தனக்கு முடியவில்லை, பக்கத்து ஊர் வெந்நீர்க் குளத்துக்குப் போகிறேன் என்றாள். ஒட்டாகருக்குச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. ஐயோ பாவம், நல்லா ஊறு, அவசரமில்லை என்று கரிசனமாகச் சொன்னார்.

"கயிறு தாண்டிப் போக மாட்டியே?"

"சே. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் கிளம்பிப் போனாள். நம்மாள் நிதானமாகக் காப்பி குடித்து, சந்தேகம் வராதபடி நோட்புர்கா அம்மாளிடம் வானிலை பேசிவிட்டு, லிஃப்ட் ஏறினார். லிஃப்ட் உச்சியில் பலகை இருந்தது. பனிச்சரிவு அபாயம் ஐந்துக்கு மூன்று. மூன்று என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தானே என்று ஒட்டாகர் குழாய்க்கடைக் கணக்குப் போட்டார். மலையில் ஆட்கள் சாகிறது பெரும்பாலும் அந்த மூன்றில்தான் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்தேதான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்தார். புதைந்தால் சத்தம் கொடுத்துக் காட்டுகிற கருவி இடுப்பில் இல்லை. கூட ஆள் இல்லை. கழுத்தில் லிபுஷே பின்னிக் கொடுத்த மஃப்ளர் மட்டும் இருந்தது.

முகட்டில் ஏறி நின்று கிண்ணத்தைப் பார்த்தவருக்கு வயிறு எரிந்தது. யாரோ முந்திவிட்டார்கள். இடது ஓரத்தில், மலையின் சாய்வான தோளில், இரண்டு ஸ்கீ தடங்கள். ஒன்று நேர்த்தியாக, இன்னொன்று அதைவிட நேர்த்தியாக, வளைந்து வளைந்து கீழே போயிருந்தன. எவனோ கொழுத்த ஜெர்மன்காரன், காசு கொடுத்து வழிகாட்டி வைத்துக்கொண்டு வந்திருப்பான் என்று திட்டினார். அந்தத் தடத்துப் பக்கமே போகக்கூடாது என்று ரோஷம் வந்தது. வலது பக்கம் போனார். வலது பக்கம் செங்குத்து. பாதுகாப்பான வழி எது என்று பனியிலேயே எழுதி வைத்திருந்தும் மனுஷன் அதை விட்டுவிட்டுப் போனார் என்றால் என்ன சொல்ல.

முதல் ஆறேழு திருப்பங்கள் சொர்க்கம். பனி மார்பில் வந்து மோதிச் சிதறியது. எடை என்பதே இல்லை. ஒட்டாகர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த திருப்பத்தில் காலுக்குக் கீழே 'வூம்' என்று ஒரு சத்தம். மேலே, அவருடைய தலைக்கு நேராக, சரிவின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது.

மலை நகர்ந்தது. நின்றுகொண்டிருந்த இடமே துண்டு துண்டாக உடைந்து அவரை இழுத்துக்கொண்டு போனது. ஒரு ஸ்கீ பிடுங்கிக்கொண்டது, முட்டி திருகியது, வாய் நிறையப் பனி. எதையோ கட்டிப் பிடித்தார். அது பாறை இடுக்கில் முளைத்த ஒரு குட்டை மரப் புதர். பனி அவரைத் தாண்டி இரைந்துகொண்டு கீழே போய் அடங்கியது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இடுப்பு வரை பனியில் இறுகியிருந்தார். இடது கால் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். பாதிச் சரிவுதான் வந்திருக்கிறது. மிச்சப் பாதி, ஆள் உயரத்துக்கு வெட்டி வைத்தது போன்ற சுவராக, அவருக்கு மேலே அப்படியே தொங்கியது. அதற்குக் கொஞ்சம் தள்ளி வெயில். வெயில் மெதுவாக அந்தச் சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது பட்டுப் பனி இளகினால் கதை முடிந்தது.

கூப்பிட்டால் ஹெலிகாப்டர் வரும். வந்தால் ஆற்றங்கரை வீடு போகும். கூப்பிடாவிட்டால் ஆளே போய்விடுவார். ஒட்டாகர் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தார். அவரைப் போல ஒரு ஆளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அந்த வீட்டின் கூரையைப் போட்டதில்லை. மெதுவாகக் கையால் தோண்டி வெளியே வந்து, ஒற்றைக் காலில் இறங்கிப் போய், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்து, பனியைச் சுரண்டத் தொடங்கினார். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. லிபுஷே.

எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். எடுத்தார்.

"எங்க இருக்க?"

"மேல. லிஃப்ட் பக்கத்துக் கடையில. சூப் குடிச்சுக்கிட்டிருக்கேன்."

"என்ன சூப்?"

"பூண்டு சூப்."

"நல்லா இருக்கா?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

"கடையில ஆளே இல்லையா? ஒரு சத்தமும் கேக்கலையே."

"எல்லாரும் சாப்பிடுறாங்க. நீ எப்படி இருக்க? தண்ணி சூடா இருக்கா?"

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது வெந்நீரில் சுகமாக ஊறுகிறவள் விடுகிற மூச்சாக இல்லை.

"ஓட்டா, உன்னோட இன்னொரு ஸ்கீ எங்க?"

ஒட்டாகர் சட்டென்று உடம்பைத் திருப்பப் பார்த்தார்.

"அசையாத. தலையை மட்டும் திருப்பு. எதிர்ப்பக்கம், பாறைக்குக் கீழ. சிவப்புச் சட்டை நான்தான்."

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தடங்கள் போய் முடிகிற மேட்டில், இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு ஒரு கையைத் தூக்கி ஆட்டியது. ஒட்டாகருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அந்த இடுப்பு வலி. அந்த வெந்நீர்க் குளம். அந்தக் கொழுத்த ஜெர்மன்காரன்.

"அந்தத் தடம் உன்னோடதா?"

"நேர்த்தியா இருக்கறது கொர்பினியனோடது. அதைவிட நேர்த்தியா இருக்கறது என்னோடது."

கொர்பினியன் அந்த ஊர் வழிகாட்டி. நோட்புர்கா அம்மாள் ஏற்பாடு செய்து கொடுத்தவர். விடிந்ததும் விடியாததுமாக, இடுப்பில் கருவி, முதுகில் பனி சரிந்தால் ஊதிக்கொண்டு ஆளை மேலே மிதக்க வைக்கும் பை, கையில் மண்வெட்டி என்று சகல சம்பிரதாயங்களோடு லிபுஷே கிளம்பிப் போயிருக்கிறாள். தோண்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அந்த இடது தோள் மட்டும்தான் இன்றைக்கு நம்பத் தகுந்தது என்று கொர்பினியன் சொன்ன பிறகு இறங்கியிருக்கிறாள். இறங்கி முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, வலது பக்கம் ஒரு மஃப்ளர் வருவதைப் பார்த்திருக்கிறாள். அவள் பின்னிய மஃப்ளர், தெரியாதா.

தொங்குகிற சுவருக்குக் கீழே நடந்து வர முடியாது, வந்தால் எல்லோருக்கும் சமாதி, அதனால் ஹெலிகாப்டருக்குச் சொல்லியாயிற்று என்றாள்.

"வேண்டாம். திருப்பி அனுப்பு."

"பைத்தியமா உனக்கு?"

"லிபுஷ்கா, நான் பொய் சொல்லிட்டேன். அந்த இன்ஷூரன்ஸ் சின்னது. கயிறு தாண்டினா ஒண்ணும் கிடையாது. ஹெலிகாப்டர் வந்தா வீடு போயிடும். நானே இறங்கி வந்துடுறேன், விட்டுடு."

அவள் ஏதோ சொன்னாள். ஆனால் அதற்குள் முகட்டுக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் எழும்பிவிட்டது. பள்ளம் முழுக்க இரைச்சல். போனில் அவள் கத்துவது தெரிந்தது, ஒரு வார்த்தை புரியவில்லை.

மலையில் ஹெலிகாப்டரோடு பேசுவதற்கு இரண்டே வார்த்தைதான். இரண்டு கையும் மேலே தூக்கினால் 'ஆமாம், வா'. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் 'வேண்டாம், போ'. செமிலிப் பள்ளிக்கூடத்தில் இதை வாய்ப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக் கொடுப்பார்கள். இடுப்பு வரை புதைந்த ஒட்டாகர், மிகத் தெளிவாக, ஒரு கையை மேலே தூக்கி ஒரு கையைக் கீழே நீட்டினார்.

எதிர்ப்பக்கத்தில் லிபுஷே இரண்டு கையையும் தூக்கினாள்.

ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்றது. ஓட்டுகிறவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். புருஷன் வேண்டாம் என்கிறான், பெண்டாட்டி வா என்கிறாள். பக்கத்தில் வந்தால் காற்றில் அந்தச் சுவர் உதிரலாம். தேவையில்லாமல் அந்த அபாயத்தை எடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து. ஒட்டாகர் இன்னும் கொஞ்சம் விறைப்பாக 'வேண்டாம்' என்று காட்டினார். வெயில் சுவரைத் தொட்டுவிட்டது. ஓரத்திலிருந்து பனி உருண்டை உருண்டையாக உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. இருந்தாலும் கை இறங்கவில்லை. அப்படி ஒரு மனுஷன்.

அப்போது சிவப்புச் சட்டை நகர்ந்தது. லிபுஷே கையைத் தொங்கப் போட்டுவிட்டு, பள்ளத்தின் குறுக்கே, அவரை நோக்கி நடக்கத் தொடங்கினாள். தொங்குகிற பனிக்கு நேர் கீழே வருகிற வழி அது. ஒரு அடி. இன்னொரு அடி. கொர்பினியன் கையை நீட்டி ஏதோ கத்தினார். அவள் திரும்பவில்லை.

வராதே என்று ஒட்டாகர் தொண்டை கிழியக் கத்தினார். அந்த இரைச்சலில் அது அவர் காதிலேயே விழவில்லை. வீடாவது கூரையாவது. இரண்டு கையையும் தூக்கினார். தோள் கழன்று போகிற மாதிரி தூக்கினார். வா, வா, சீக்கிரம் வா என்று முகம் முழுக்கக் கண்ணீரோடு ஆட்டினார்.

லிபுஷே நின்றாள்.

கயிற்றில் ஒருத்தர் இறங்கினார். தோண்டினார், வாரைப் பூட்டினார், கட்டைவிரலைக் காட்டினார். ஒட்டாகரின் கால் பனியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தபோது உயிர் போகிற வலி. அந்தரத்தில் சுழன்றபடி கீழே பார்த்தார். சுவர் சரிந்தது. சத்தமே இல்லாமல் சரிந்து, பாறையை மூடி, பள்ளத்தின் அடி வரை போனது. அவர் பிடித்துக்கொண்டிருந்த புதர் இருந்த இடம் தெரியவில்லை. மேட்டில் சிவப்புச் சட்டை பனியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டோடு அவர் படுத்திருந்தார். லிபுஷே வந்தாள். வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, அவருடைய கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவரும் அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "உப்பு கம்மியா?" என்று கேட்டாள். ஒட்டாகர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டை விற்க வேண்டியதுதான் என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார். யாருக்கு விற்கலாம், அடுப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று புலம்பினார். புத்தி கெட்டுப் போச்சு, இனிமேல் கயிற்றைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், நீ எது சொன்னாலும் கேட்கிறேன் என்றார். லிபுஷே பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மனுஷன் முழுசாகக் காலியாகட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"இன்ஷூரன்ஸ் இருக்கு," என்றாள்.

"அதான் சொன்னேனே, அது கயிறு தாண்டினா..."

"உன்னோடது இல்ல. நான் எடுத்தது. ஜன்னலைப் பார்த்து நீ பெருசுன்னு சொன்ன அன்னிக்கே உன் பேர்ல எடுத்துட்டேன். கயிறு தாண்டினாலும் உண்டு, ஹெலிகாப்டரும் உண்டு. மடத்தனத்துக்கும் உண்டான்னு கேட்டேன். போன்ல அந்தப் பொண்ணு, அதுக்குத்தானே அம்மா பெரும்பாலும் பணம் கொடுக்கறோம்னா."

வீடு இருக்கிறது. கூரை இருக்கிறது. ஒழுகுகிற மூலைகூட இருக்கிறது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா தினம் போயிருப்ப."

"பள்ளத்துலயாவது சொல்லியிருக்கலாமே. நீ நடந்து வந்தியே, எனக்கு உயிரே போச்சு."

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. உன் காதுல விழல. நாங்க நின்ன மேட்டோட ஓரம் வரைக்கும் பயமில்லன்னு கொர்பினியன் காலையிலயே காட்டியிருந்தாரு. அதுவரைக்கும்தான் வந்தேன். நீ எதுக்குக் கையைத் தூக்குவன்னு எனக்குத் தெரியும்."

கோபப்படலாமா, சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் ஒட்டாகர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க நான் என்ன கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டார். கல்யாணமான புதிதில் ஒரு தரம் சொன்னது, அப்புறம் இப்போதுதான்.

லிபுஷே தலையணையைச் சரி செய்தாள். நாளைக்குக் காலையில் ஆம்புலன்ஸ் வரும், படுக்க வைத்தே செமிலிக்கு, வாசல் வரை கொண்டு போய் விடுவார்கள், அதுவும் இன்ஷூரன்ஸில் சேர்த்திதான் என்றாள். தன் அம்மாவிடம் சொல்லியாயிற்று, வந்து கஞ்சி வைத்துக் கொடுப்பார் என்றாள். கஞ்சியைவிட அந்த அம்மாளின் வாய்க்குத்தான் ஒட்டாகர் பயந்தார். ஆனாலும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் இடம் இருக்குமில்ல?"

"அடிபட்டவருக்கு மட்டும்தானாம். கேட்டுப் பார்த்துட்டேன்."

"சரி. அப்ப நீ நம்ம கார்ல பின்னாடியே வந்துடு."

லிபுஷே எழுந்து சிவப்புச் சட்டையின் ஜிப்பை இழுத்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே விளக்கு வெளிச்சத்தில் பெரிய பெரிய துண்டுகளாகப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் அதை ரொம்ப ஆர்வமாகப் பார்த்தாள்.

"வர்றேன். ஞாயித்துக்கிழமை."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.